குறிலும் ஆங்கிலக் குற்றொலியும்: மாத்திரையிலிருந்து பிறப்பியலை நோக்கி

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'ஷார்ட் வவல்' எனப்படும் ஒலிகளைத் தமிழ் மாணவர்க்குக் 'குறில்' என மொழிபெயர்த்துக் கற்பிப்பது பெருவழக்காக உள்ளது. தமிழ்க் குறில் மாத்திரையால் வரையறுக்கப்படுவது. ஆங்கிலக் குற்றொலியோ நாவும் இதழும் வாயும் நிற்கும் நிலையாலேயே முதன்மையாக அறியப்படுவது. இவ்வேறுபாட்டை மறைக்கும் மொழிபெயர்ப்பு மாணவரின் செவியைத் தவறான இடத்தில் கூர்மைப்படுத்துகிறது என்பதைத் தமிழில் வழங்கும் ஆங்கிலக் கடன்சொற்களின் எழுத்து வடிவங்களைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஆங்கிலக் குற்றொலிகளை விளக்குவதற்குத் தமிழ் இலக்கண மரபில் ஏற்ற இடம் மாத்திரைக் கோட்பாடு அன்று, பிறப்பியலே என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குறில், நெடில், மாத்திரை, பிறப்பியல், ஆங்கில உயிரொலி, ஃபோனிக்ஸ், கடன்சொல், ஒலிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழ்வழியில் பயிலும் மாணவர் ஆங்கிலச் சொல் ஒன்றை முதன்முதலாக ஒலிக்க முயலும்போது அவருக்குத் துணையாவது தமிழ் எழுத்தே. பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளும் குறிப்பிலும், ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் கையேடுகளிலும், இருமொழி அகராதிகள் சிலவற்றிலும் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பு தமிழ் எழுத்தில் தரப்படுகிறது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் முறை இச்சூழலுக்குள் 'ஷார்ட் வவல்', 'லாங் வவல்' என்னும் இரு பெயர்களைக் கொண்டுவந்துள்ளது. இவற்றைத் தமிழில் விளக்க வேண்டிய ஆசிரியர்க்கு ஆயத்தமாகக் கிடைப்பவை குறில், நெடில் என்னும் சொற்கள்.

அகராதிப் பொருளை மட்டும் நோக்கினால் இம்மொழிபெயர்ப்பில் குறை இல்லை. குறுகியது குறில், நீண்டது நெடில். ஆனால் ஒரு கலைச்சொல் ஓர் இலக்கண அமைப்பினுள் நின்று பொருள் தருவது. அவ்வமைப்பிலிருந்து பிரித்தெடுத்து வேறு மொழியின் ஒலிகள்மேல் ஏற்றும்போது, அச்சொல் தன் பழைய வரையறையையும் உடன் கொண்டு செல்கிறது. குறில் என்ற சொல்லைக் கேட்ட மாணவர், ஒலி எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதையே கவனிக்கத் தொடங்குகிறார். ஆங்கிலக் குற்றொலியை இனங்காண அக்கவனம் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இங்கு ஆங்கில ஒலிகளைக் 'குற்றொலி' என்றும், தமிழ் எழுத்துகளைக் 'குறில்' என்றும் வேறுபடுத்திக் குறிப்பிடுகிறேன். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியவுடன் ஆராயவேண்டிய ஒலியே மாறிவிடுகிறது. எனவே அச்சொற்களை அவற்றின் எழுத்துப் பெயர்களால் சுட்டிப் பொருளையும் தருகிறேன். எடுத்துக்காட்டாக, சி-ஏ-டி (பூனை). தமிழில் வழங்கும் கடன்சொல் வடிவங்கள் மேற்கோள் குறிக்குள் இடம்பெறுகின்றன.

மாத்திரையும் பிறப்பும்

தொல்காப்பியம் உயிரெழுத்துகளை இருவேறு இடங்களில் இருவேறு அடிப்படையில் வகுக்கிறது. நூன்மரபில் அளவு பேசப்படுகிறது. அ, இ, உ, எ, ஒ ஆகிய ஐந்தும் ஒரு மாத்திரை அளவின. ஏனைய ஏழும் இரு மாத்திரை அளவின. கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் மாத்திரைக்கு அளவாகச் சொல்லப்படுகின்றன. பிறப்பியலில் அளவு பேசப்படுவதில்லை. அ, ஆ இரண்டும் வாயைத் திறத்தலால் பிறப்பன. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அவற்றைப் போன்றே வாய் திறந்து, நாவின் விளிம்பு அண்பல்லைப் பொருந்தப் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவியப் பிறப்பன. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எழுத்துகளுக்கிடையே சிறு திரிபுகள் உண்டு என்பதையும் தொல்காப்பியர் குறிப்பிடத் தவறவில்லை.

இப்பகுப்பில் கவனிக்கத்தக்கது, ஒரு குறிலும் அதற்கு இனமான நெடிலும் பிறப்பால் ஒரே தொகுதியில் நிற்கின்றன என்பதாகும். இகரமும் ஈகாரமும் ஒரே பிறப்பின, அளவால் வேறுபட்டன. தமிழ்ச் சொற்பொருள் வேறுபாட்டுக்கும் அவ்வளவு போதுமானது. 'படம்' என்பதையும் 'பாடம்' என்பதையும், 'எரி' என்பதையும் 'ஏரி' என்பதையும் வேறுபடுத்திக் கேட்கும் தமிழ்ச் செவி அளவைக் கேட்கப் பழகிய செவி. அது ஒரு வலிமை. ஆங்கிலம் கற்கும்போது அவ்வலிமையை எங்குப் பயன்படுத்துவது, எங்குப் பயன்படுத்தாமல் இருப்பது என்பதுதான் வினா.

ஆங்கிலத்தில் 'ஷார்ட்' என்பதன் பொருள்

பிரித்தானியப் பொதுவழக்கு ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் குற்றொலிகள் ஆறு. பி-ஐ-டி (குழி), பி-ஈ-டி (வளர்ப்பு விலங்கு), பி-ஏ-டி (மெல்லத் தட்டுதல்), பி-ஓ-டி (பானை), பி-யூ-டி (வைத்தல்), பி-யூ-டி-டி (கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை மெல்ல அடித்தல்) ஆகிய சொற்களில் இவ்வாறும் ஒரே மெய்களுக்கிடையே வருகின்றன. அழுத்தம் பெறாத அசைகளில் மட்டும் வரும் 'ஷ்வா' என்னும் நடு உயிரையும் சேர்த்தால் ஏழு. தமிழ்க் குறில்கள் ஐந்து. எண்ணிக்கையிலேயே இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமை தெரிகிறது.

ஃபோனிக்ஸ் பாடத்தில் குற்றொலிக்கு இணையாகக் காட்டப்படும் நெட்டொலிகளை நோக்கினால் பொருந்தாமை மேலும் தெளிவாகும். சொல்லின் இறுதியில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் குற்றொலி நெட்டொலியாகும் என்பது அங்குக் கற்பிக்கப்படும் விதி. கே-ஐ-டி (கருவித் தொகுப்பு) என்பதன் இகர ஒலி, கே-ஐ-டி-ஈ (பட்டம்) என்பதில் ஐகார ஒலியாகிறது. சி-யூ-டி (வெட்டு) என்பதன் அகரம் போன்ற ஒலி, சி-யூ-டி-ஈ (அழகிய) என்பதில் 'யூ' ஆகிறது. எச்-ஓ-பி (தத்துதல்) என்பதன் திறந்த ஒலி, எச்-ஓ-பி-ஈ (நம்பிக்கை) என்பதில் ஓகாரத்தை ஒத்த கூட்டொலியாகிறது. இ–ஐ, அ–யூ என்னும் இவ்விணைகளுள் எதுவும் தமிழ் இலக்கணம் கூறும் குறில்–நெடில் இணை அன்று. குறில் நீண்டால் நெடிலாகும் என்று அறிந்த மாணவர், இகரத்தின் 'நெடில்' ஏன் ஐகாரமாயிற்று என்று கேட்டால் மாத்திரைக் கோட்பாட்டில் விடை இல்லை.

விடை ஆங்கில மொழி வரலாற்றில் உள்ளது. இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விணைகள் பெருமளவு அளவால் வேறுபட்ட இணைகளாகவே இருந்தன. என்-ஏ-எம்-ஈ (பெயர்) என்னும் சொல்லின் முதல் உயிர் அப்போது ஆகாரம் போல ஒலித்தது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ 17, 18ஆம் நூற்றாண்டு வரை நெட்டொலிகள் அனைத்தும் தம் ஒலிப்பிடம் மாறின. இதனைப் 'பெரும் உயிரொலி மாற்றம்' என ஓட்டோ எஸ்பர்சன் 1909இல் பெயரிட்டார். ஒலிகள் மாறிய பின்னும் எழுத்துக்கூட்டு மாறவில்லை, 'லாங்', 'ஷார்ட்' என்னும் பெயர்களும் மாறவில்லை. எனவே ஃபோனிக்ஸ் பாடத்தின் 'ஷார்ட்' என்பது இன்று ஓர் எழுத்துக்கூட்டு வகையின் பெயர். அமெரிக்க ஆங்கிலத்தில் பி-ஓ-டி (பானை) என்னும் சொல்லின் உயிர் குறுகியும் ஒலிப்பதில்லை, இதழ் குவிந்தும் ஒலிப்பதில்லை. ஆயினும் அந்நாட்டுப் பாடநூல்கள் அதனை 'ஷார்ட்' வகையிலேயே வைக்கின்றன.

அளவு ஆங்கிலத்தில் அறவே இல்லை என்பது பொருளன்று. ஆனால் அது உயிரை அடுத்து வரும் மெய்யாலும் பெரிதும் ஆளப்படுகிறது. ஒலிப்பிலா மெய்க்கு முன் உயிர் குறுகும். ஒலிப்புடை மெய்க்கு முன் தன் அளவில் நிற்கும். எல்-ஈ-ஏ-வி-ஈ (நீங்கு) என்பதிலுள்ள உயிரைவிட எல்-ஈ-ஏ-எஃப் (இலை) என்பதிலுள்ள அதே உயிர் தெளிவாகக் குறைந்த அளவினது. அவ்வாறு குறுகிய நெட்டொலி, எல்-ஐ-வி-ஈ (வாழ்) என்னும் வினைச்சொல்லிலுள்ள குற்றொலிக்கு ஏறத்தாழ இணையான அளவுக்கு வந்துவிடுவதும் உண்டு. அப்போதும் ஆங்கிலேயர் இரண்டையும் மயங்குவதில்லை. நா நிற்கும் உயரமும் இடமும் வேறாக இருப்பதால் ஒலிகள் வேறாகக் கேட்கின்றன.

இவ்விடத்தில் ஆங்கில ஒலியியலார் தமக்குள்ளேயே நடத்திய ஒரு விவாதத்தை நினைவுகூர்தல் தகும். டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி, குற்றொலி இகரத்துக்கும் நெட்டொலி ஈகாரத்துக்கும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்தியது. நெட்டொலிக்கு நீட்டல் குறி மட்டும் கூடுதலாக இடப்பட்டது. அதாவது அளவே வேறுபாடு என்பது போன்ற தோற்றம் அக்குறியீட்டு முறையில் இருந்தது. அவ்வகராதியின் 14ஆம் பதிப்பை 1977இல் கொண்டுவந்த ஏ. சி. கிம்சன், இரு ஒலிகளுக்கும் வேறுவேறு குறியீடுகளை அமைத்தார். நீட்டல் குறியையும் விலக்கவில்லை. ஒலிப்பண்பு, அளவு ஆகிய இரண்டும் வேறுபாட்டுக்குக் காரணம் என்பது அக்குறியீட்டிலேயே விளங்கியது. ஆங்கில அகராதிக் கலை விட்டு வந்த நிலையைத் தமிழ் வகுப்பறை 'குறில்' என்னும் சொல்லால் மீண்டும் ஏற்றுக்கொள்கிறது.

கடன்சொற்கள் தரும் சான்று

தமிழர் ஆங்கிலக் குற்றொலிகளை எவ்வாறு கேட்டுள்ளனர் என்பதற்குப் புதிய சோதனை எதுவும் தேவையில்லை. நாள்தோறும் எழுதப்படும் கடன்சொற்களே போதிய சான்று. குற்றொலி குறிலே என்றால், குற்றொலி வரும் சொற்கள் தமிழில் குறிலால் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஆறு ஒலிகளுள் நான்கில் அவ்வாறே நிகழ்ந்துள்ளது. 'பின்', 'டிக்கெட்' என்பவற்றின் முதல் உயிர் இகரம். 'பெல்', 'செக்' என்பவற்றில் எகரம். 'பஸ்', 'கப்' என்பவற்றில் அகரம். 'புக்', 'ஃபுட்பால்' என்பவற்றின் முதலில் உகரம்.

எஞ்சிய இரண்டில் நிலைமை தலைகீழாகிறது. 'லேப்டாப்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதன் இரு உயிர்களும் குற்றொலிகள். தமிழ் எழுத்தில் இரண்டும் நெடில்கள். 'காலேஜ்' என்பதும் அத்தகையதே. மூலச் சொல்லின் இரு உயிர்களும் குறுகியவை. தமிழ் வடிவத்தில் ஆகாரமும் ஏகாரமும் வருகின்றன. 'டாக்டர்', 'லாரி', 'சாக்லேட்', 'ஆபீஸ்' ஆகியவற்றின் முதல் உயிரும், 'பேங்க்', 'கேமரா', 'மேட்ச்', 'ஆப்பிள்', 'ஜாம்' ஆகியவற்றின் முதல் உயிரும் ஆங்கிலத்தில் குற்றொலிகளே. குறில்–நெடில் பாடம் கற்ற மாணவர், தாம் அன்றாடம் எழுதும் இச்சொற்களைக் கொண்டு குற்றொலியைத் தேடினால் ஒன்றையும் காணமாட்டார்.

இவ்விரு ஒலிகள் மட்டும் நெடிலாகக் கேட்கப்பட்டமைக்குக் காரணம் தமிழ் உயிர்களின் அமைப்பிலேயே உள்ளது. சி-ஏ-டி (பூனை) என்பதன் உயிரும் பி-ஓ-டி (பானை) என்பதன் உயிரும் வாய் அகலத் திறந்து ஒலிப்பவை. இன்றைய தமிழ் ஒலிப்பில் வாய் மிகுதியாகத் திறப்பது ஆகாரத்துக்கே. அகரத்தில் அத்துணைத் திறப்பு இல்லை. எகரமும் ஒகரமும் பாதித் திறப்பில் நிற்பவை. ஆகவே தமிழ்ச் செவிக்கு அகன்ற திறப்பு என்பது நீட்சியோடு பிணைந்தே வருகிறது. அகலத் திறந்த ஒலியைக் கேட்டவுடன் அதற்கேற்ற எழுத்தைத் தேடினால் நெடிலே கிடைக்கிறது. மேலும், திறந்த உயிர்கள் இயல்பாகவே சற்று மிகுந்த அளவு பெறுபவை. எஸ்-ஏ-சி-கே (சாக்கு) என்பதைவிட எஸ்-ஏ-ஜி (தொய்தல்) என்பதில் ஒலிப்புடை மெய்க்கு முன் வரும் அவ்வுயிர் மேலும் நீள்கிறது. தமிழர் செவி தவறாகக் கேட்டது எனல் பொருந்தாது. திறப்பை அது சரியாகவே கேட்டுள்ளது. அதனை எழுத வேண்டிய இடத்தில் அளவைக் கைவிட்டு ஒலிப்பண்பைக் காத்துக்கொண்டது.

எழுத்து வடிவங்களின் ஊசலாட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. ஒரே சொல் 'பேங்க்' எனவும் 'பாங்க்' எனவும், மற்றொன்று 'டேக்ஸி' எனவும் 'டாக்ஸி' எனவும் எழுதப்படுகின்றன. ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே எழுதுவோர் தடுமாறுவது, அவ்வொலி அவ்விரண்டுக்கும் நடுவே இருப்பதாலேயே. இகரத்துக்கோ உகரத்துக்கோ இத்தகைய தடுமாற்றம் நேர்வதில்லை.

இதனால் விளையும் இழப்பு சொற்கள் ஒன்றாகிவிடுதல். பூனையைக் குறிக்கும் சொல்லும் வாயிற்கதவைக் குறிக்கும் சொல்லும் 'கேட்' ஆகின்றன. எரிவாயுவும் வழக்கும் 'கேஸ்' ஆகின்றன. தொப்பியைக் குறிக்கும் சி-ஏ-பி, தோள்மேல் அணியும் மேலாடையைக் குறிக்கும் சி-ஏ-பி-ஈ ஆகிய இரண்டும் 'கேப்' ஆகின்றன. சட்டைப்பையும் சிறு பொதியும் 'பாக்கெட்' என்னும் ஒரே வடிவம் பெறுகின்றன. இவற்றுள் சிலவற்றில் ககர வருக்க எழுத்து ஒலிப்புடைமையைக் காட்டாமையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் 'கேப்' என்பதன் மயக்கம் முழுவதும் உயிரால் நேர்ந்தது. குற்றொலி, நெட்டொலி வேறுபாட்டைக் காட்டுவதற்கென்றே ஃபோனிக்ஸ் பாடம் தேர்ந்தெடுக்கும் இணை, தமிழ் எழுத்தில் வேறுபாடற்றுப் போகிறது.

ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர் 'கேஸ்' என்று எழுதியிருப்பதைப் படித்தாலும் இடமறிந்து இருவேறாக ஒலித்துவிடுவார். ஒலியை முன்பே செவியால் அறிந்தவர்க்கு எழுத்து ஒரு நினைவுக்குறிப்பு மட்டுமே. எழுத்து வழியாகவே ஒலியை அறிய வேண்டிய மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் கற்பவர் பெரும்பாலும் இவ்வகையினர். தவறான கலைச்சொல்லின் சுமையை மிகுதியாகச் சுமப்பவர் அவரே.

ஈழத்து வழக்கு காட்டும் மாற்றுவழி

மேற்கண்ட கேட்பு முறை தமிழ் மொழிக்கே உரிய கட்டாயம் என்று கொள்ளவும் இயலாது. தமிழகத்தில் 'டாக்டர்', 'லாரி', 'சாக்லேட்', 'காப்பி' (படி என்னும் பொருளில்) என வழங்குவன, ஈழத்துத் தமிழில் முறையே 'டொக்டர்', 'லொறி', 'சொக்லேட்', 'கொப்பி' என வழங்குகின்றன. ஒரே ஆங்கிலக் குற்றொலியைத் தமிழகம் ஆகாரமாகவும் ஈழம் ஒகரமாகவும் எழுதிவருகின்றன.

இவற்றுள் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. மூல ஒலிக்கு மூன்று கூறுகள் உள்ளன: வாய்த்திறப்பு, மெல்லிய இதழ்க்குவிவு, குறுமை. தமிழக வடிவம் திறப்பைக் காத்து இதழ்க்குவிவையும் குறுமையையும் விட்டது. ஈழத்து வடிவம் இதழ்க்குவிவையும் குறுமையையும் காத்துத் திறப்பை விட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டின் செல்வாக்கும் ஈழத்து வடிவத்துக்குத் துணைசெய்திருக்கலாம். இரண்டும் ஒருபாதி உண்மைகள். இரு வழக்குகளையும் ஒருசேர வகுப்பறையில் வைத்துக் காட்டினால், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒலியை நோக்கி மாணவரின் செவியைத் திருப்ப முடியும். ஒப்பீட்டுக்குரிய இப்பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் ஆங்கிலம் கற்பித்தலில் பயன்படுத்தப்படாதிருப்பது வியப்புக்குரியது.

தமிழ் இலக்கணம் முன்பே அறிந்தவை

அளவு மாறினும் எழுத்து மாறாது என்னும் கருத்து தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. ஐகாரம் இரு மாத்திரை அளவினது. சில இடங்களில் அது ஓரளபாகக் குறுகும். குறுகிய பின்னும் அது ஐகாரமே, ஐகாரக் குறுக்கம் என்றே பெயர் பெறும். சூழலால் அளவு குறையும், ஆனால் எழுத்தின் தன்மை அழியாது என்னும் இக்கருத்தைக் கொண்டு, எல்-ஈ-ஏ-எஃப் (இலை) என்னும் ஆங்கிலச் சொல்லில் நெட்டொலி குறுகியும் நெட்டொலியாகவே நிற்பதை எளிதில் விளக்கலாம்.

குற்றியலுகரம் மற்றொரு சான்று. 'பசு' என்பதன் இறுதி உகரமும் 'பாட்டு' என்பதன் இறுதி உகரமும் இலக்கணத்தில் அளவால் வேறுபடுத்தப்படுகின்றன. முன்னது ஒரு மாத்திரை, பின்னது அரை மாத்திரை. ஆனால் இன்றைய ஒலிப்பில் செவி உடனே உணர்வது இதழின் வேறுபாட்டை. முன்னதில் இதழ் குவிகிறது. பின்னதில் குவிவு இல்லை. பெயர் குறுமையைச் சொல்கிறது, கேட்போர் ஒலிப்பண்பையும் சேர்த்தே கேட்கின்றனர். 'ஷார்ட்' என்னும் ஆங்கிலப் பெயருக்கு நேர்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தமிழ் மாணவர்க்கு இவ்வொப்புமையைக் காட்டினால், பெயரும் ஒலியும் ஒன்றல்ல என்பதை அவர் தம் மொழியின் அனுபவத்திலிருந்தே உணர்வார்.

பிறப்பியல் வழி ஒரு விளக்கம்

மாத்திரையை விட்டுப் பிறப்பை அடிப்படையாகக் கொண்டால் ஆறு குற்றொலிகளும் இவ்வாறு அமைகின்றன. பி-ஐ-டி என்பதன் ஒலி நாவிளிம்புத் தொகுதியைச் சேர்ந்தது. தமிழ் இகரத்துக்கு அண்மையது. ஈகாரத்தைவிட நா சற்றுத் தாழ்ந்து தளர்ந்து நிற்கும். பி-ஈ-டி என்பதன் ஒலி எகரத்துக்கு அண்மையது. பி-யூ-டி என்பதன் ஒலி இதழ்க்குவிவுத் தொகுதியது. ஊகாரத்தின் அளவுக்கு இதழ் குவிவதில்லை. பி-யூ-டி-டி என்பதன் ஒலி தமிழ் அகரத்துக்கு மிக அண்மையது.

இடர் தரும் இரண்டையும் இதே முறையில் நோக்கினால் அவற்றின் தன்மை வெளிப்படுகிறது. பி-ஏ-டி என்பதன் ஒலி, நா முன்னோக்கி நிற்க, வாய் ஆகாரத்துக்குப் போல அகலத் திறக்கப் பிறப்பது. பி-ஓ-டி என்பதன் ஒலி, வாய் அவ்வாறே திறக்க, இதழ் மெல்லக் குவியப் பிறப்பது. அதாவது இரண்டும் ஆகாரத்தின் திறப்போடு பிறிதொரு தொகுதியின் பிறப்பும் கூடியவை. தமிழ் எழுத்து இவற்றுக்குத் தனி வடிவம் தராமைக்கும், எழுதுவோர் இரு எழுத்துகளுக்கிடையே ஊசலாடுவதற்கும் இக்கூட்டே காரணம். நாவிளிம்பு உயிர்களை விளக்கும்போது அவையும் அ, ஆ போன்றே வாய்திறத்தலை உடையன எனத் தொல்காப்பியர் சேர்த்துச் சொல்வது இங்கு எண்ணத்தக்கது. ஒரு பிறப்பு மற்றொன்றோடு கூடும் என்னும் சிந்தனைக்கு அதில் இடம் உள்ளது.

வகுப்பறையில் இதனைச் செயற்படுத்த மூன்று மாற்றங்கள் போதும். முதலாவது, ஆங்கில ஒலிகளுக்குக் குறில் என்னும் பெயரைத் தவிர்த்துக் குறிச்சொற்களால் பெயரிடுதல். ஜே. சி. வெல்ஸ் 1982இல் வெளியிட்ட ஆங்கில வட்டார ஒலிப்பு பற்றிய நூலில் ஒவ்வோர் ஒலி வகைக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லையே பெயராக வைத்தார். அம்முறை தொடக்கநிலை மாணவர்க்கும் எளிது. இரண்டாவது, மேற்காட்டிய ஆறு சொற்களைப் போல மெய் மாறாமல் உயிர் மட்டும் மாறும் சொற்களை அடுத்தடுத்துக் கேட்கச் செய்தல். எழுத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்டல் நிகழவேண்டும். மூன்றாவது, 'ஏகாரமாகத் தொடங்கி வாயை ஆகாரத்துக்குத் திற, ஆனால் நாவைப் பின்னிழுக்காதே' என்பது போன்ற பிறப்பு வழிப்பட்ட அறிவுறுத்தல். மாணவர் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொள்ளக் கூடியது இது. 'குறுக்கி ஒலி' என்னும் அறிவுறுத்தல் அத்தகைய உதவி எதையும் தருவதில்லை. 'கேப்' என்பதைக் குறுக்கினால் 'கெப்' என்றாகுமேயன்றி உரிய ஒலி கிடைக்காது.

மறுப்புகள் சில

பண்டை இலக்கணத்தைப் பிறமொழி ஒலிக்குப் பொருத்துவது காலமுரண் அன்றோ என்னும் வினா எழலாம். தொல்காப்பியர் ஆங்கில ஒலியை அறிந்தார் என்பது இங்கு வாதமன்று. வாய்த்திறப்பு, நாவிளிம்பு, இதழ்க்குவிவு ஆகிய மூன்றும் உடலுறுப்பின் செயல்கள். எம்மொழி ஒலிக்கும் பொதுவான விளக்கக் கருவிகள். மாத்திரையைப் பிறமொழிக்குப் பொருத்துவோர் பிறப்பைப் பொருத்தத் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

இந்திய ஆங்கிலம் தனக்குரிய ஒலிமுறையை உடையது, பிரித்தானிய ஒலிப்பைத் துரத்துவது தேவையா என்பது மற்றொரு வினா. இதிலுள்ள நியாயம் ஏற்கத்தக்கது. ஆனால் இக்கட்டுரை வேண்டுவது ஒலிச்சாயலைப் போலச் செய்வதை அன்று. தொப்பியையும் மேலாடையையும், எரிவாயுவையும் வழக்கையும் செவியால் பிரித்தறிதல் புரிதலுக்கு வேண்டியது. எச்சாயலில் பேசினும் அவ்வேறுபாடு காக்கப்பட வேண்டும்.

புதிய எழுத்துகளை அமைத்தால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். மராத்தி எழுத்துமுறை இதே இரு ஆங்கில ஒலிகளுக்கெனப் பிறைக்குறி இட்ட வடிவங்களைக் கையாள்கிறது. சிங்களத்தில் இவற்றுள் முதல் ஒலிக்கு மொழிக்கே உரிய எழுத்து உள்ளது. தமிழிலும் அத்தகைய குறியீடு அகராதிகளுக்குப் பயன்படலாம். எனினும் எழுத்து கேட்ட ஒலியை நினைவூட்டுமேயன்றிக் கேளாத ஒலியைக் கற்பிக்காது. செவிப்பயிற்சி இன்றிச் சேர்க்கப்படும் குறியீட்டை மாணவர் மீண்டும் ஏகாரமாகவோ ஆகாரமாகவோதான் படிப்பார்.

முடிவுரை

குறில் என்னும் சொல் தமிழுக்குள் துல்லியமானது. ஆங்கிலக் குற்றொலிக்குப் பெயராகும்போது அத்துல்லியமே இடையூறாகிறது. இ–ஈ, உ–ஊ ஆகியவற்றுக்கு நிகரான ஆங்கில ஒலிகளில் தமிழ் மாணவரின் அளவுணர்வு ஓரளவு கைகொடுக்கும். அதனை மறுப்பதற்கில்லை. அகலத் திறந்த இரு குற்றொலிகளில் அது கைகொடாது என்பதற்கு நம் கடன்சொற்களே சான்று பகர்கின்றன.

ஆங்கில வகுப்பில் தமிழைத் தவிர்க்க வேண்டும் என்போரும், தமிழ் எழுத்து பிறமொழி ஒலிகளுக்குப் போதாது என்போரும் தமிழ் மரபின் ஒலியறிவை எழுத்து வடிவங்களோடு மட்டும் நிறுத்திப் பார்க்கின்றனர். அம்மரபில் எழுத்தின் அளவைச் சொல்லும் பகுதியும் உண்டு, பிறப்பைச் சொல்லும் பகுதியும் உண்டு. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இணைந்து, பிறப்பியலின் கருத்துகளைத் தொடக்கநிலை ஆங்கில ஒலிப்புப் பாடத்துக்கு உரியவாறு எழுதிப் பார்த்தல் இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். அழுத்தம் பெறாத அசைகளில் வரும் 'ஷ்வா' ஒலி தமிழ்க் கடன்சொற்களில் அகரமாகவும் ஓகாரமாகவும் பிறவாகவும் எழுதப்படுவது தனித்து ஆராயத்தக்கது. 'டாக்டர்' என்பதன் இரண்டாம் உயிரும் 'போலீஸ்' என்பதன் முதல் உயிரும் அவ்வாய்வுக்குத் தொடக்கமாகலாம்.